மாகாணி நிலம்

தமிழ்ப் பின்னக் கணக்கில் பதினாறில் ஒரு பங்குக்கு மாகாணி என்று பெயர். இருபதில் ஒன்றான மாவையும் எண்பதில் ஒன்றான காணியையும் கூட்டினால் மாகாணி. எங்கள் தாத்தாமார் இதை வாய்ப்பாடாகப் படித்தார்கள், நாங்கள் படிக்கவில்லை. மலாயாவில் ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கு ஒதுக்கச் சொன்ன நிலமும் இதே பின்னம்தான். குடும்பத்தோடு இருப்பவருக்குப் பயிர் வைக்கவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஆறேகால் சென்ட். சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 52 அடி வரும்.

அந்தச் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களுக்கு உரியது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். 1909 ஒப்பந்தம் வரை சயாமின் மேலாட்சியில் இருந்து, பிறகு ஆங்கிலேய ஆலோசகரின் கீழ் வந்தது. தொழிலாளர் சட்டமும் தனி. ஆனால் தோட்டத் துரைமார் எல்லாரும் ஒரே வகையறா, பழக்கமும் ஒன்றுதான். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம், கேட்பவருக்குக் கொட்டகை போட இடம், கேள்வி கேட்காத வரையில் மேய்ச்சல். காகிதத்தில் எவ்வளவு எழுதியிருந்ததோ, கையில் கிடைத்தது ஏறக்குறைய அந்த மாகாணிதான்.

காணி என்ற சொல்லுக்குப் பின்ன அளவைத் தவிர இன்னொரு பொருள் உண்டு: வழிவழியாக வரும் நில உரிமை. தோட்டத்துத் தமிழனுக்கு மாகாணி கிடைத்தது, காணி கிடைக்கவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த உரிமையில்லாத நிலத்தில் ஒரு முழு விவசாயக் குடும்பத்தின் ஆண்டு எப்படி நடந்தது என்று பார்க்காமல், இழந்தது என்ன என்று கணக்குப் போட முடியாது.

கெடாவின் மெர்போக் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஜெராய் மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. மலை 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்; சுற்றிலும் சமவெளி என்பதால் பெரிதாகத் தெரியும். கீழே மெர்போக் ஆறு வளைந்து வளைந்து அலையாத்திக் காட்டுக்குள் போய்க் கடலைச் சேர்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளமும் இங்கேதான். கெடாவின் பழைய பெயரான கடாரத்தைக் கேட்டதும் நம்மவர்களுக்கு 1025ஆம் ஆண்டின் இராசேந்திர சோழன் படையெடுப்பு நினைவுக்கு வந்துவிடும்; கூட்டம் போட்டுப் பேசுவோம். ஆயிரம் வருடத்துக்கு முன் வந்துபோன கப்பலைப் பற்றிப் பேசிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட, இதே மண்ணில் நூறு வருடம் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்களைப் பற்றிப் பேசியதில்லை. அது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

மலேசியா பருவமில்லாத நாடு, ஆண்டு முழுக்க மழையும் வெயிலும் ஒன்றுபோல என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். தீபகற்பத்தின் வடமேற்கு மூலையில் வாழ்கிறவர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். கெடாவிலும் பெர்லிசிலும் உண்மையான கோடை உண்டு. டிசம்பர் கடைசியில் மழை விடும்; ஜனவரி, பிப்ரவரி காய்ந்து கிடக்கும்; மார்ச்சில்தான் மேகம் எட்டிப் பார்க்கும். ஏப்ரல், மே ஒரு மழை. நடுவில் கொஞ்சம் இடைவெளி. பிறகு ஆகஸ்டிலிருந்து ஏறி, செப்டம்பர், அக்டோபரில் கொட்டும் பெருமழை.

இதைத் தமிழ் மாதத்தில் வைத்துப் பாருங்கள். தை, மாசி கோடை. சித்திரையில் முதல் மழை. ஆவணி தொடங்கி ஐப்பசி வரை பெருமழை. ஊரிலிருந்து வந்தவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த பஞ்சாங்க அறிவு ஜொகூரிலோ பகாங்கிலோ இவ்வளவு பொருந்தியிருக்காது. ஆடிப்பட்டத்தில் அவரையும் பீர்க்கும் புடலையும் போட்டால், பின்னால் வரும் மழை அவற்றைத் தூக்கிவிட்டது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையும் கெடாவின் மழையும் ஒன்றல்ல, காரணமும் வேறு. ஆனால் விதைக்குக் காரணம் தேவையில்லை, ஈரம் போதும்.

தைப் பொங்கலும் அப்படியே. ஜெராய்க்கு வடக்கே மலாய்க்காரர்களின் பெருவயல். அங்கே பருவநெல் அறுவடையும் நம் பொங்கலும் ஏறத்தாழ ஒரே சமயம். பெடு, மூடா அணைகள் கட்டி, 1970இல் மூடா பாசனத் திட்டம் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் அந்த ஒற்றைத் தாளம் கலைந்தது. அதுவரை தோட்டத்துப் பானையில் பொங்கிய புத்தரிசி சில வீடுகளில் பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்தே வந்தது. நெல் பயிரிடத் தெரிந்த தஞ்சாவூர், திருச்சி, வடஆற்காட்டுக் குடும்பங்கள் இங்கே வந்து அரிசியை வாங்கித் தின்றன. அதற்கு வேண்டிய வயல் மாகாணிக்குள் அடங்காது.

இந்தப் பருவக் கணக்கை ஆட்டிவைத்தது ஒரு மரம். ரப்பருக்கு இலையுதிர்காலம் உண்டு. கெடாவின் கோடை கூர்மையானது என்பதால் இங்கே அது தெளிவாகத் தெரியும். தை பாதியில் இலை பழுத்துச் செம்மை தட்டும். மாசியில் காடு முழுக்கக் கொட்டி, நடந்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்கும். மேலே பார்த்தால் வெறும் விரல் விரலாகக் கிளைகள், அதுவரை பார்க்காத அகல வானம். சில வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் விட்டு, பூத்து, பங்குனி முடிவதற்குள் பச்சைக்குத் திரும்பிவிடும். பார்க்க அழகு. ஆனால் தளிர் விடும் மரம் தன் சத்தையெல்லாம் இலைக்குக் கொடுத்துவிடுவதால் மங்கில் பால் இறங்காது. பால் குறைந்தால் சம்பளம் குறையும். சில தோட்டங்களில் பால் வெட்டுவதையே நிறுத்திவிட்டுப் புல் வெட்டவும் பாரிட் என்ற வடிகால் தோண்டவும் அனுப்புவார்கள்.

சரி, சம்பளம் குறைகிற மாதத்தில் தோட்டக் கொல்லை கைகொடுக்கும் என்றுதானே நினைப்போம்? இங்கேதான் சிக்கல். மரத்தின் இலையை உதிர்த்த அதே வெயில் கிணற்றையும் இறக்கியது, கீரைப் பாத்தியைக் கருக்கியது, பசும்புல்லைத் தின்றது. கூலியும் கொல்லையும் ஒரே மாதத்தில் வற்றின. ஐப்பசி மழையில் காலையில் வெட்ட முடியாமல் சம்பளம் குறைந்தாலும் கொல்லை செழித்துக் கிடக்கும், பசிக்கு ஏதாவது உண்டு. மாசியில் இரண்டும் இல்லை. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் கூலியைத் தனியாகவும் வீட்டுத் தோட்டத்தைத் தனியாகவும் எழுதுகிறார்கள். இரண்டையும் ஒரே நாள்காட்டியில் வைத்தால்தான் மாசி மாதத்தின் உண்மை முகம் தெரியும்.

அந்த மாதத்தைக் கடத்தியது மரவள்ளி. சித்திரை மழை மண்ணை இளக்கியதும், போன வருடத்துத் தண்டைச் சாண் நீளத்துக்கு நறுக்குவார்கள். கணு மேல் பார்க்க வேண்டும், கொஞ்சம் சாய்த்து ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றினால் கிழங்கு உருப்படாது. கட்டைக்கும் கட்டைக்கும் ஓர் எட்டு இடைவெளி. அதற்குப் பிறகு அதை யாரும் கவனிப்பதில்லை. ஒன்பது, பத்து மாதம் கழித்துச் சரியாக மாசியில் கிழங்கு தயார். இதன் பெருமை விளைச்சலில் இல்லை, சேமிப்பில் இருக்கிறது. பிடுங்கினால் இரண்டு நாளில் கறுத்துப்போகும். பிடுங்காமல் விட்டால் மண்ணே பத்தாயம். அன்றைக்கு வேண்டிய ஒரு செடியை மட்டும் ஆட்டி இழுத்து, முதல் கொதித் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு மறுபடி வேகவைப்பார் அம்மா. அந்த முதல் தண்ணீரைக் கோழிக்குக்கூட வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கிழங்கில் நச்சு உண்டு என்பதை நான் பள்ளியில் படிப்பதற்குப் பல வருடம் முன்பே அந்தச் சட்டம் எனக்குத் தெரியும்.

வெயிலை வீணாக்கவும் இல்லை. மோர் மிளகாய், வெங்காய வடகம், கொத்தவரங்காய் வற்றல், மெர்போக் ஆற்று மீனில் போட்ட கருவாடு எல்லாம் மாசி வெயிலின் விளைச்சல். பச்சை இல்லாத மாதத்தில் வற்றல் குழம்பு கொதித்தது.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் இதே போலத்தான் இலை உதிர்க்கிறது. அங்கே தளிர் விடும் காலம் தேன் காலம். ரப்பரின் இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேடித் தேனீ வரும். மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைத்தவர்கள் தேன் எடுப்பார்கள். மரம் அதே மரம், பருவமும் பெரிதாக வேறில்லை. நிலம் சொந்தமாக உள்ளவருக்குத் தளிர்க்காலம் தேன், கூலிக்காரருக்கு அதே காலம் கடைக் கடன்.

கொல்லைக்கு நேரம் கிடைத்ததும் மரத்தின் தயவுதான். பால் நன்றாக ஓடுவது வெயில் ஏறும் முன். அதனால் இருட்டில் பெரட்டு என்ற ஆள்கணக்கு, விடிவதற்குள் உளி மரத்தில். பத்து, பதினொரு மணிக்குப் பால் எடுத்து, காண்டாக் காவடியில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துப்போட்டு வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். சோறு தின்று கொஞ்சம் கண் அயர்ந்து எழுந்தால் நாலு மணி முதல் இருட்டும் வரை கொல்லை. ஆண்கள் சாங்குல் மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டுவார்கள். தண்ணீர், விதை, பறிப்பு எல்லாம் பெண்கள் கையில். வேலியில் கிளை வெட்டி ஊன்றிய முருங்கை, வாசலில் கருவேப்பிலை, குளியல் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை, கூரை மேல் பூசணி. மண்ணுக்கு அடுப்புச் சாம்பலும் மாட்டு எருவும். மலாய்க்காரரிடம் கற்ற செராயும் காங்கோங்கும் சாயோர் மானிசும் எப்போது பாத்தியில் ஏறின என்று யாருக்கும் நினைவில்லை. ஆவணியில் ரப்பர்க் காய் வெடிக்கும் சத்தம் கேட்டால் பெருமழை வருகிறது என்று அர்த்தம். பிள்ளைகள் கொட்டை பொறுக்கி விளையாடுவோம். மழை முற்றியதும் பாரிட்டில் விராலும் கெளுத்தியும்.

பால் என்றால் தோட்டத்தில் ரப்பர்ப் பால்தான். பசு கொடுப்பதற்கு மாட்டுப்பால் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு பாலுக்கும் இரண்டு விதக் காசு. ரப்பர்ப் பால் காசு செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டில் ஏறி, கடைக் கழிவு, முன்பணக் கழிவு, கோயில் வரி எல்லாம் போய் ஆண் கைக்கு வரும். கள்ளுக்கடை வழியாக வீட்டுக்கு வந்தால் இன்னும் இளைத்திருக்கும். மாட்டுப்பால் காசு பெண்ணின் காசு. அம்மா நாலு மணிக்கு முன் எழுந்து, தேங்காய் மட்டைப் புகை போட்ட கொட்டகையில் கறந்து, பெரட்டுக்குப் போகும் வழியில் கிராணி வீட்டுக்கும் ஆசிரியர் வீட்டுக்கும் போத்தலில் ஊற்றிவிட்டுப் போவார். மாதக் கடைசியில் வரும் சில்லறை அரிசி டின்னுக்குள் போகும். என் பள்ளிச் சட்டையும் அக்காளின் தோடும் அந்த டின்னிலிருந்து வந்தவை. 1946, 47இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் பிறந்து கெடா முழுக்கப் பரவிய தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத் திரும்பியதைக் கூலிப் போராட்டத்தின் ஒரு பகுதியாகவும் இளைஞர் எழுச்சியாகவும் எழுதுவார்கள். அந்த அரிசி டின்னின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இன்னும் நேரடியாகப் புரியும்.

கோடையில் மாடும் வற்றும். லாலான் புல் முற்றி மாட்டு நாக்கைக் கிழிக்கும். வாழைத் தண்டை நறுக்கிப் போடுவார்கள், பலா இலை ஒடித்துப் போடுவார்கள். முடியாதபோது விற்பார்கள். எங்கள் லயத்தில் மாடு கைமாறியது பெரும்பாலும் மாசியில்தான். வாங்குகிறவருக்கும் அது தெரியும், விலையும் அதற்குத் தக்கபடி.

இதை யார் தன்னிறைவு என்று சொன்னாலும் நான் கொஞ்சம் யோசிப்பேன். ரஷ்யப் பொருளியலாளர் சயானோவ் 1925இல் எழுதிய உழவர் குடும்பப் பொருளியல் நூலில் ஒரு கருத்து உண்டு. குடும்பப் பண்ணை தன் உழைப்புக்குக் கூலி கணக்குப் பார்ப்பதில்லை. வீட்டு வயிறு நிறைகிறதா, உடம்பு தாங்குகிறதா என்பதே அதன் தராசு. மாலை நாலு மணி முதல் ஏழு மணி வரை அம்மா கொல்லையில் நின்றதற்கு யாரும் கூலி எழுதவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தால் யார் லாபம் அடைந்தார்கள் என்பது வேறு கேள்வி. 1920களின் கடைசியில் முக்கிய வட்டாரங்களில் அரசு வகுத்த தரக்கூலி ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. உலக மந்தத்தில் அதையும் வெட்டினார்கள். 1936 கடைசியில் இந்திய அரசு அனுப்பிய வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி வந்து பார்த்துவிட்டு, பழைய கூலியைத் திரும்பக் கொடுங்கள் என்று அறிக்கை எழுதினார். 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதையே நிறுத்தியது. அரைக்கூலியில் ஒரு குடும்பம் சாகாமல் இருந்தது என்றால், மிச்சத்தைக் கொடுத்தது கொல்லை. மாகாணி நிலம் தொழிலாளிக்குக் கொடுத்த சலுகை என்று துரைமார் எழுதினார்கள். என் கணக்கில் அது தொழிலாளி தோட்டத்துக்குக் கொடுத்த மானியம்.

போர்க்காலத்தில் தன்னிறைவு என்ற சொல்லின் மறுபக்கம் தெரிந்தது. மலாயா தின்ற அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கெடாவுக்குள் நுழைந்ததும் ரப்பருக்கும் சந்தை இல்லை, அரிசிக்கும் வழியில்லை. 1943 அக்டோபரில் கெடாவைச் சயாமுக்கே கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரி லாரியாக ஏற்றினார்கள். மிஞ்சியவர்கள் மரம் வெட்டிய இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டார்கள். வெளியிலிருந்து எதுவும் வராத முழுமையான தன்னிறைவு தோட்டத்துத் தமிழருக்குக் கிடைத்தது அந்த மூன்றரை வருடத்தில்தான். அதை வாழ்ந்தவர்கள் சாகும்வரை மரவள்ளியைத் தட்டில் பார்க்க விரும்பவில்லை. எங்கள் தாத்தா கிழங்கு வெந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

நிலத்தைச் சொந்தமாக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில்தான் இருந்தது, புக்கிட் சிடிம். பெரிய சாதனை அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொழிலாளிக்கு வந்தது பங்குப் பத்திரம். கொல்லைக்குப் பட்டா இல்லை. 1956இல் அமைந்த ஃபெல்டா குடியேற்றத் திட்டங்களில் ஏக்கர் கணக்கில் நிலம் கிடைத்த இந்தியக் குடும்பங்கள் மிகச் சில.

பிறகு செம்பனை வந்தது. அதற்கு இலையுதிர்காலம் கிடையாது. பத்து, பதினைந்து நாளைக்கு ஒரு சுற்று, வருடம் முழுக்கக் குலை. கேட்க நல்ல செய்திதான், மாசியில் கூலி வற்றாது. ஆனால் பிற்பகலும் போயிற்று. குலை வெட்டும் வேலைக்கு விடியற்காலைக் கட்டாயம் இல்லை, மாலை வரை இழுக்கும். புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலை பெண்கள் தலையில் விழுந்தது. முதுகில் டாங்கியோடு பாராகுவாட் அடித்தவர்களில் முன்பு மாலையில் கீரை பறித்தவர்களும் இருந்தார்கள். மருந்து அடித்த புல்லில் மாட்டை விட முடியாது, மாடு போயிற்று. அந்த மருந்தை 2002இல் தடை செய்து, 2006இல் தடையை எடுத்து, கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் முழுதாக நிறுத்தினார்கள். அதற்குள் தோட்டங்களில் தமிழர்களே மிகச் சிலர்.

தோட்டத்தை மூடி, வீடமைப்புக்கோ கோல்ப் திடலுக்கோ கொடுத்தபோது தொழிலாளிக்கு எவ்வளவு என்பதற்கு 1980ஆம் ஆண்டின் பணிநிறுத்தப் பயன் விதிகளில் கணக்கு உண்டு. இரண்டு வருடத்துக்குக் கீழ் வேலை செய்திருந்தால் வருடத்துக்குப் பத்து நாள் கூலி. இரண்டு முதல் ஐந்து வருடம் வரை பதினைந்து நாள். அதற்கு மேல் இருபது நாள். முப்பது வருடம் வெட்டியவருக்கு அறுநூறு நாள் கூலி. முருங்கைக்கும் பலாவுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் அந்த வாய்ப்பாட்டில் இடமில்லை. சம்பளமாக எழுதாத உழைப்புக்கு இழப்பீடும் எழுத முடியாது. அறுநூறு நாள் கூலியோடு சுங்கைப்பட்டாணியின் மலிவு விலை வீட்டுக்குப் போனவர்கள் பின்சந்தில் பெயிண்ட் டின்னில் கருவேப்பிலை வைத்தார்கள். பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். அந்தப் பேருந்துக்கு ஆடியும் ஒன்று, மாசியும் ஒன்று.

எல்லாரும் போய்விடவில்லை. மெர்போக்கிலிருந்து செமிலிங் போகும் பக்கம், பாரிட் ஓரம் அரசு நிலத்தில் ஒரு அக்கா இன்னும் பயிர் வைக்கிறார். மூன்று மாடு, பத்துப் பதினைந்து கோழி, வெண்டை, பாகல், வேலி நெடுக முருங்கை. போன மாசியில் போயிருந்தேன். மண் வெடித்துக் கிடந்தது. வாளியில் மொண்டு செடிக்கு ஒரு குவளை என்று அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எதற்கு இவ்வளவு சிரமம், கடையில் கட்டு இரண்டு வெள்ளிக்குக் கீரை கிடைக்கிறதே என்றேன். "மருந்தடிச்ச கீரைய நீ தின்னு தம்பி" என்றார், நிமிராமலே. மரவள்ளி இரண்டு செடி பிடுங்கிப் பையில் போட்டுக் கொடுத்தார். பலா ஒன்று இருக்கிறது, அவர் மாமியார் நட்டது.

அந்த நிலத்துக்கு அவரிடம் இருப்பது தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அரசு நிலத்தைப் பயன்படுத்த நில அலுவலகம் கொடுக்கும் காகிதம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த வருட முடிவோடு காலாவதியாகும். ஒவ்வொரு வருடமும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தே தர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் அன்றே முடிகிறது.

சித்திரையில் ஊன்றும் மரவள்ளி மாசியில்தான் கிழங்காகிறது. உரிமம் டிசம்பர் 31ஆம் தேதி முடிந்துவிடுகிறது.